ஒட்டு மருந்தும் உண்மைச் சோதனையும்

நாகர்கோவிலினின்று கன்னியாகுமரி செல்லும் வழியில், பொற்றையடிக்கு அருகே நிற்கும் மருந்துவாழ்மலையை அறியாதார் நம் மாணாக்கருள் ஒருவரும் இலர். அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையினின்று சிதறிய துண்டே அம்மலை என்பது நாஞ்சில் நாட்டார் வழிவழியாகக் கூறிவரும் கதை. கதை எவ்வாறாயினும், நோய் தீர்க்கும் பொருள் நம் ஊர் எல்லைக்குள்ளேயே அகப்படும் என்னும் நம்பிக்கை நம்மவர் உள்ளத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. இக்காலத்தில் அந்நம்பிக்கை மலையை விட்டிறங்கிக் கல்லூரி ஆய்வுகூடத்தினுள்ளும் புகுந்திருக்கின்றது. தனித்தனியே குணமுடைய இரு மருந்துப் பொருள்களை ரசாயன முறையால் பிணைத்து, ஒரே மூலக்கூறாக ஆக்கி, புதுமருந்து காண முயலும் மாணவரும் மாணவியரும் இன்று பலராவர். அவர்தம் ஊக்கத்தை நாம் மனமார வாழ்த்துகின்றோம். ஆயினும் அம்முயற்சியிலே ஒரு குறையைக் காண்கின்றோம். கண்ட குறையைச் சொல்லாது விடுவது நட்பாகாது.

இத்தகைய பொருளை நாம் 'ஒட்டு மூலக்கூறு' என்று வழங்குவோம். ஒட்டு என்பது நம் ஜில்லாவுக்குப் புதிய சொல்லன்று. குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில், நல்ல பால் தரும் மரத்தின் மொட்டை எடுத்து, வேறொரு நாற்றின் தண்டில் ஒட்டுக்கட்டுவதை நாம் கண்டிருக்கின்றோம். ஒட்டுக்கன்று என்று பெயர் பெற்றதனாலேயே எந்த மரமும் மிகுதியாகப் பால் தந்துவிடாது. ஆண்டுகள் சில காத்திருந்து, பால் வெட்டி, சிரட்டையில் விழுந்ததை அளந்து, ஒட்டாத மரத்தோடு ஒப்பிட்டால் அன்றோ ஒட்டின் பெருமை விளங்கும்? மூலக்கூற்றுக்கும் இதுவே நியாயம்.

இரண்டைப் பிணைப்பதனால் வரும் நன்மை யாது? மலேரியாவை எடுத்துக்கொள்வோம். சீனத்து மாசிப்பத்திரி இனச் செடியொன்றினின்று கிடைத்த ஆர்ட்டிமிசினின் குடும்பத்து மருந்துகள் கிருமியை விரைந்து கொல்லும். ஆனால் சில மணி நேரத்தில் உடலை விட்டு நீங்கிவிடும். ஆதலின் நெடுநாள் தங்கும் வேறொரு மருந்தையும் உடன் சேர்த்துக் கொடுப்பதே இன்று உலகெங்கும் வழக்கம். இவ்விரு வகையையும் ஒரே மூலக்கூறாகப் பிணைத்தால், இரண்டும் ஒரே கிருமியை ஒரே வேளையில் தாக்கும். கிருமி தப்பிப் பிழைக்க வழி தேடுவது அரிதாகும். இக்கருத்தினாலேயே பிரான்சு தேசத்துத் தூலூஸ் நகரில் பெர்னார்ட் மெனியேயும் அவர்தம் குழுவினரும், ஆர்ட்டிமிசினினின் உயிர்நிலையான பகுதியைக் குளோரோகுயினைப் போன்றதொரு பகுதியோடு பிணைத்து, அப்பொருள்களைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அறிவுடைய முயற்சியே, எனினும் மருத்துவர் கைக்கு இன்று வந்திருப்பது இரண்டு மருந்துகளைப் பிணைக்காமல் சேர்த்த மாத்திரையேயன்றி, பிணைத்த மூலக்கூறன்று.

பிணைப்பதில் இடர்களும் உள. மருந்தை வாய்வழி உண்டால் அது குடலின் சவ்வைக் கடந்து இரத்தத்திற் சேரவேண்டும். மூலக்கூற்று எடை 500-க்கு மேற்பட்ட பொருள்கள் பெரும்பாலும் அவ்வாறு கடக்க இடர்ப்படும் என்று கிறிஸ்டபர் லிப்பின்ஸ்கி 1997-ல் எடுத்துக்காட்டினார். ஆஸ்பிரினின் எடை ஏறக்குறைய 180. ஆனால் இரு மருந்துகளையும் இடையில் ஒரு பாலத்தையும் சேர்த்தால் எளிதில் எல்லை கடந்துவிடும். இன்னொன்று: இரு மருந்துகளைத் தனித்தனியே கொடுக்கும் வைத்தியர் நோயாளியின் நிலை நோக்கி ஒன்றைக் கூட்டலாம், மற்றொன்றைக் குறைக்கலாம். பிணைத்தபின் அவ்வுரிமை அவருக்கில்லை.

இங்கே ஒரு பழைய ஒட்டு மருந்தின் வரலாறு நமக்கு நல்லாசிரியனாகும். சுவீடன் தேசத்தில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்னும் பெண் மருத்துவர், மூட்டு வாதம் கிருமியால் வருவதென்று கருதினார். ஆகவே கிருமியை அடக்கும் சல்பாபிரிடினும், வீக்கத்தைத் தணிக்கும் சாலிசிலிக் அமிலமும் ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டன. அதுவே சல்பாசலசின். பெருங்குடற் புண்ணுக்கும் அது நற்பயன் தருவதை அவர் கண்டு, 1942-ல் வெளியிட்டார். பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அப்பிணைப்பை அறுத்து, இரு பாதிகளையும் பிரித்துவிடுகின்றன. அவற்றுள் எப்பாதி குடற்புண்ணை ஆற்றுகின்றது? இவ்வினாவுக்கு விடை 1977-ல்தான் வந்தது. இன்றைய வங்காளதேசத்தவரான ஆசாத் கான், ஆக்ஸ்போர்டில் துருலவ் முதலியோரோடு கூடி, முழு மருந்தையும் இரு பாதிகளையும் வெவ்வேறு நோயாளிகளுக்குத் தனித்தனியே ஆசனவாய் வழிச் செலுத்திப் பார்த்தார். சாலிசிலிக் அமிலத்தைச் சார்ந்த பாதியே புண்ணை ஆற்றியது. சல்பாபிரிடின் அதனைப் பெருங்குடல்வரை கொண்டுசேர்க்கும் வாகனமாக மட்டும் இருந்தது. அவ்வாகனமே பலருக்குத் தலைவலி, குமட்டல் முதலிய துன்பங்களையும் தந்துவந்தது. அதன் பின்னரே வேலை செய்யும் பாதி, மெசலசின் என்னும் பெயரில், தனிமருந்தாக வழக்கில் வந்தது. இன்ன பாதி இன்ன செய்யும் என்று அறியாமல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நோயாளிகள் இரண்டையும் உண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி நம் கல்லூரிகளின் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பார்ப்போம். மாணவர் பத்துப் பதினைந்து ஒட்டு மூலக்கூறுகளை ஆக்குகின்றனர். கணிப்பொறித் திரையில் அவற்றை ஒரு புரதத்தின் குழியினுட் பொருத்தி மதிப்பெண் காண்கின்றனர். பின்னர் இரண்டொரு கிருமிகளை வளர்த்த தட்டில் இட்டு, கிருமி வளராத வட்டத்தை அளக்கின்றனர். இறுதிப் பக்கத்தில், 'இப்பொருள்கள் எதிர்காலத்தில் சிறந்த மருந்தாகக்கூடும்' என்று முடிக்கின்றனர். பாதிகளைத் தனியே சோதித்தார்களா? இரண்டையும் பிணைக்காமல் கலந்து சோதித்தார்களா? பெரும்பாலான கட்டுரைகளில் இவ்வினாக்களுக்கு விடை இல்லை.

நாம் கேட்பது நான்கு கிண்ணங்களே. ஒன்றில் முதற்பாதி, ஒன்றில் இரண்டாம் பாதி, ஒன்றில் இரண்டின் கலவை, ஒன்றில் ஒட்டு மூலக்கூறு. நான்கிலும் எடையால் அன்றி மூலக்கூற்றின் எண்ணிக்கையால் சமமாக எடுத்தல் வேண்டும். ஏனெனில் ஒட்டு மூலக்கூறு கனமுடையதாதலால் ஒரே மில்லிகிராமில் அதன் எண்ணிக்கை குறையும். கலவையினும் ஒட்டு மிகுந்த பயன் தந்தாலன்றி, ஒட்டியதற்குக் காரணம் காட்டல் அரிது. மேலும், பிணையாது எஞ்சிய பாதி சிறிதளவு கலந்திருப்பினும், அதன் புகழ் ஒட்டுக்குச் சென்றுவிடும். ஆதலின் தூய்மையை முதலிற் காட்டுக. மனித உயிரணுக்களையும் அதே அளவிற் சோதிக்க. கிருமியையும் மனிதனையும் ஒருங்கே கொல்வது நஞ்சேயன்றி மருந்தன்று.

வேதாகமத்தில் கிதியோன் செய்ததை நினைவுகூர்வோம். முதல் இரவு தோலின்மீது பனியும் தரை வறட்சியுமாக அடையாளம் பெற்றும் அவன் அமையவில்லை. மறு இரவு தோல் வறண்டு தரை நனைய வேண்டுமென்று மாற்றிக் கேட்டான். மாற்றிக் கேட்கத் துணிந்தவனே உண்மையைப் பற்றினான்.

இத்துணைக் கண்டிப்பு ஏன் என்பீர். சில ஆண்டுகளுக்கு முன், 'கல்லூரியில் புற்றுநோய்க்கு மருந்து' என்று ஒரு பத்திரிகையில் வந்த செய்தித் துணுக்கைக் கையிற் பிடித்துக்கொண்டு, மனைவியை நோயிற் கிடத்திய முதியவர் ஒருவர் நம் ஆய்வுகூட வாயிலில் வந்து நின்றார். கண்ணாடித் தட்டில் வளர்ந்த உயிரணுக்களைக் கொன்ற பொடி ஒன்றன்றி நம்மிடம் ஒன்றும் இல்லை. அதை அவருக்கு விளங்கச் சொல்லிய அரை மணி நேரம் நமக்கு இன்றும் மறக்கவில்லை. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியை 1838-ல் ராம்சே தொடங்கிய நாள் முதல், பிற்காலத்தில் சாமர்வெல் அறுவை மருத்துவம் செய்த காலம் வரை, இப்பகுதி ஏழைகள் மருத்துவர் சொல்லை நம்பி வாழ்ந்தவர்கள். அந்நம்பிக்கையைக் கல்லூரியும் கடனாகப் பெற்றிருக்கின்றது. அதனை மிகையான சொல்லால் செலவழித்தல் தகாது.

சிறிய கல்லூரிக்கு இவ்வளவு சோதனை இயலுமோ என்பார்க்கு, கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி காம்ப்பெல் ஆஸ்பத்திரியின் சிற்றறையில், எரிவாயுவும் தண்ணீர்க் குழாயுமின்றி, மண்ணெண்ணெய் விளக்கொளியில் உழைத்து, காலா-அசார் நோய்க்கு யூரியா ஸ்டிபமீன் கண்டதை நினைப்பூட்டுவோம். யூரியாவும் ஆண்டிமனிப் பொருளும் சேர்ந்த அம்மருந்தைப் பற்றி அவர் 1922-ல் வெளியிட்டார். அவர் பெயரை நிறுத்தியது அறையின் அளவன்று, பிழைத்தெழுந்த நோயாளிகளே.

ஆகவே நமது வேண்டுகோள் இது. பதினைந்து மூலக்கூறு ஆக்கும் மாணவர் ஐந்து ஆக்குக. மிஞ்சிய காலத்தை நான்கு கிண்ணங்களுக்குக் கொடுக்க. ரசாயனத் துறையார் தாவர, விலங்கியல் துறையாரோடும் அருகிலுள்ள மருத்துவரோடும் கூடியிருந்து, எந்நோய்க்கு, எதனோடு ஒப்பிட்டு என்று முன்னரே வரையறுக்க. ஒட்டு தோற்றால், 'தோற்றது' என்று கட்டுரையில் எழுதுக. அதற்காக மதிப்பெண்ணைக் குறையாதிருப்பது ஆசிரியர் கடமை. தோல்வியை ஒளியாமல் எழுதிய ஓர் ஏடு, பின்வரும் மாணவர் பலரின் காலத்தைக் காக்கும். மீண்டும் ஒரு முதியவர் நம் வாயிலில் வந்து நின்றால், தலை குனியாது மெய்ம்மையைச் சொல்லும் வல்லமையையும் அதுவே நமக்குத் தரும்.