முறிந்த சிறகுக்கு ஒரு நிதி

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்துவிட்டுப் பத்திரிகையைப் பிரித்த சமயம், நண்பர் ஒருவர் கையில் நீளமான நோட்டுப் புத்தகத்துடன் வந்து சேர்ந்தார். நோட்டுப் புத்தகத்துடன் வருகிற நண்பர்களைக் கண்டால் எனக்குச் சற்றுக் கலக்கம் உண்டு. கோயில் கும்பாபிஷேகம், வாசகசாலைக் கட்டிடம், வெள்ள நிவாரணம் என்று அந்தப் புத்தகங்களின் முதல் பக்கத்துத் தலைப்புக்கள் மாறுமே தவிர, உள்ளே 'தொகை' என்று கோடு போட்டிருக்கும் கட்டம் மட்டும் என்றும் மாறுவதில்லை.

ஆனால் இந்தப் புத்தகத்தின் தலைப்பு நான் அதுவரையில் கண்டிராதது. நண்பர் சிறிய விமானம் ஓட்டப் பழகியவர். அவருடைய சக விமானி ஒருவரின் விமானம் தரையில் இறங்கும்போது சக்கரக் கால் முறிந்து, சுழல்விசிறி வளைந்து, ஒரு பக்கத்து இறக்கையும் கிழிந்து போயிற்றாம். தெய்வாதீனமாக மனிதருக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் விமானத்தைச் செப்பனிடக் கையில் பணமும் இல்லை. ஆகவே சக விமானிகள் சேர்ந்து நிதி திரட்டக் கிளம்பியிருக்கிறார்கள்.

நண்பர் பேசிக்கொண்டிருக்கையில் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "விமானம் வைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு அதைப் பழுது பார்த்துக்கொள்ளத் தெரியாதா? நம் வீட்டுத் தையல் மிஷின் ஆறு மாதமாய் மூலையில் கிடக்கிறதே, அதற்கு யார் நிதி திரட்டுகிறார்கள்?"

கேள்வி நியாயமானதுதான். எனக்கு உடனே பதில் தோன்றவில்லை. நண்பரை மறுநாள் வரும்படி சொல்லி அனுப்பிவிட்டு, இந்த விஷயத்தைப் பற்றிச் சிந்திக்கலானேன். சிந்தித்ததில் ஆகாயப் பிரயாண சரித்திரத்திலிருந்து இரண்டு சம்பவங்கள் நினைவுக்கு வந்தன.

முதலாவது ஜெர்மனியில் நடந்தது. ஜெப்லின் பிரபு என்பவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆகாயக் கப்பல் கட்டுவதிலேயே தம் காலத்தையும் சொந்த ஆஸ்தியில் பெரும் பகுதியையும் செலவிட்டவர். 1908-ஆம் வருஷத்தில் அவருக்கு வயது எழுபது. 400 அடிக்கு மேல் நீளமுள்ள அவருடைய நாலாவது கப்பல், இருபத்து நாலு மணி நேரப் பிரயாணத்தை முடித்துக் காட்டினால் அதைச் சர்க்கார் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. ஆகஸ்டு 4-ந் தேதி காலையில் கான்ஸ்டன்ஸ் ஏரிக் கரையிலுள்ள பிரீட்ரிக்ஸ்ஹாபனிலிருந்து கப்பல் கிளம்பிற்று. பாஸல், ஸ்ட்ராஸ்பர்க் முதலிய நகரங்களின் மேல் அது மிதந்து சென்றபோது ஜனங்கள் கூரைகளின் மேல் ஏறி நின்று ஆரவாரம் செய்தார்கள். ஆனால் யந்திரம் தகராறு செய்தது. ஒரு தடவை ரைன் நதிக் கரையில் இறங்கி, மறுபடியும் கிளம்பி, மறுநாள் காலையில் ஸ்டட்கார்ட் நகருக்கு அருகில் எக்டர்டிங்கன் என்னும் கிராமத்து வெளியில் மீண்டும் இறங்க வேண்டியதாயிற்று. டெய்ம்லர் யந்திரத் தொழிற்சாலை பக்கத்திலேயே இருந்ததால் அங்கிருந்து ஆட்கள் வந்து பழுது பார்க்கத் தொடங்கினார்கள். கப்பலைக் காண ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடிவிட்டார்கள்.

பிற்பகலில் திடீரென்று ஒரு சூறைக் காற்று எழுந்தது. கட்டியிருந்த கயிறுகளை அறுத்துக்கொண்டு கப்பல் மேலே கிளம்பிற்று. சற்றுத் தூரம் போய் ஒரு பேரி மரத்தில் மோதி விழுந்தது. உள்ளே நிரப்பியிருந்ததோ ஹைட்ரஜன் வாயு. சில நிமிஷங்களுக்குள் அலுமினியக் கம்பிகளின் எலும்புக்கூடுதான் மிஞ்சிற்று. கிழவர் திரும்பி வந்து பார்த்தபோது அவருடைய வாழ்நாள் உழைப்பு புகைந்துகொண்டிருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள் அங்கேயே பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். செய்தி பரவப் பரவத் தேசம் முழுவதிலிருந்தும் தபாலில் பணம் வந்து குவிந்தது. கமிட்டிகளும் காரியதரிசிகளும் பிற்பாடுதான் ஏற்பட்டார்கள். பணம் அவர்களை முந்திக்கொண்டுவிட்டது. பணமில்லாதவர்கள் பன்றி இறைச்சியும் திராட்சை ரசமும் கையால் பின்னிய கம்பளிக் காலுறையும் அனுப்பினார்கள். (ஆகாயக் கப்பலுக்குக் காலுறை எதற்கு என்று கேட்கக் கூடாது, கொடுத்தவருக்கு அதுதான் இருந்தது.) சேர்ந்த மொத்தத் தொகை 60 லட்சம் மார்க்குக்கு மேல். ஒரு கப்பலுக்கு வந்த அந்த நன்கொடையைக் கொண்டு, அதே வருஷத்தில் ஜெப்லின் பிரபு ஒரு கட்டுமானக் கம்பெனியையும் ஒரு தர்ம ஸ்தாபனத்தையும் ஏற்படுத்தினார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால் பிரசங்கங்களில் சொல்வதற்கு நன்றாயிருக்கும். ஆனால் நிறுத்துவது நியாயமல்ல. அதே கம்பெனி கட்டிய ஆகாயக் கப்பல்கள் 1915-ஆம் வருஷம் ஜனவரியில் இங்கிலாந்தின் கீழ்க்கரை ஊர்களிலும், மே மாதக் கடைசியில் லண்டன் நகரிலும் குண்டு போட்டன. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளும் அதில் மாண்டார்கள். உண்டியலை உடைத்துக் காசு அனுப்பிய ஜெர்மானியச் சிறுமி எவளும் இதற்காக அனுப்பியிருக்க மாட்டாள். இன்னொரு பக்கம், ஆகாயக் கப்பல் கட்டும் நோக்கம் நிறைவேற முடியாமற் போனால் சொத்து பிரீட்ரிக்ஸ்ஹாபன் நகரத்தைச் சேர்ந்து தர்மத்துக்குப் பயன்பட வேண்டும் என்று கிழவர் அன்றே எழுதி வைத்திருந்தார். 1947-ல் அப்படியே ஆயிற்று. குண்டு வீச்சில் நாசமான அந்த நகரத்தின் கைக்கு வந்த தர்ம ஸ்தாபனம், இன்றும் அங்கே பொதுக் காரியங்களுக்கு உதவிவருகிறது. கொடுத்த பணம் எங்கே போய் என்ன செய்யும் என்று கொடுத்தவர்கள் அறிவதில்லை. வாங்குகிறவராவது கொஞ்சம் யோசித்து எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது சம்பவத்தில் பணமே கிடையாது. அது நம்மவர்களைப் பற்றியது.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தன்னந்தனியாக விமானம் ஓட்டும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் 1929-ல் அறிவித்தார். எந்தத் திசையிலும் பறக்கலாம். ஆனால் குறித்த கெடுவுக்குள் முடிக்க வேண்டும். மூன்று வாலிபர்கள் முன்வந்தார்கள்: மன்மோகன் சிங், ஆஸ்பி என்ஜினீயர், ஜே. ஆர். டி. டாட்டா. மன்மோகன் சிங்குக்குக் கெடு தவறிவிட்டது. பதினேழே வயதான ஆஸ்பி 1930 ஏப்ரல் கடைசியில் லண்டனுக்கு அருகிலுள்ள கிராய்டனிலிருந்து கிழக்கே கிளம்பினார். டாட்டா மே 3-ந் தேதி கராச்சியிலிருந்து மேற்கே கிளம்பினார். நம் தேசமோ அப்போது வேறு காரியத்தில் முழுகியிருந்தது. ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பெடுத்துச் சிறை புகுந்து சில தினங்களே ஆகியிருந்தன. டாட்டா கிளம்பிய இரண்டாம் நாள் மகாத்மா கைதானார். ஆகாயத்தில் நடந்த இந்தப் பந்தயத்தை அந்த நாளில் எத்தனை பேர் கவனித்திருப்பார்களோ தெரியாது!

இருவரும் ஓட்டியது ஜிப்ஸி மாத் என்னும் திறந்த விமானம். மரச் சட்டம், அதன்மேல் துணி, நாலு சிலிண்டர் யந்திரம், அவ்வளவுதான். எகிப்து தேசத்தில் அலெக்ஸாண்டிரியாவுக்கு அருகிலுள்ள அபூகிர் விமான நிலையத்தில் டாட்டா இறங்கியபோது, அங்கே ஆஸ்பி நகர முடியாமல் நின்றுகொண்டிருந்தார். அவருடைய யந்திரத்துக்கு ஸ்பார்க் பிளக் தேவை. கைவசம் மாற்றுப் பிளக் இல்லை. விரல் நீளமுள்ள அந்தச் சின்னச் சாமான் பொறி விடாவிட்டால் யந்திரம் ஓடாது. 500 பவுனும் இல்லை.

போட்டியாளர் தரையில் நிற்கிறார். பேசாமல் பெட்ரோல் போட்டுக்கொண்டு பறந்து போயிருந்தால் டாட்டாவை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ தாம் எடுத்துப் போயிருந்த மாற்றுப் பிளக்குகளிலிருந்து ஆஸ்பிக்குக் கொடுத்தார். பிறகு ஒருவர் கிழக்கேயும் ஒருவர் மேற்கேயும் பறந்தார்கள். மே 11-ந் தேதி ஆஸ்பி கராச்சியில் இறங்கினார். பரிசும் அவருக்கே கிடைத்தது. அந்தப் பையன்தான் 1960-ல் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானார். பரிசை இழந்த டாட்டா 1932 அக்டோபர் 15-ந் தேதி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளுடன் பறந்தார். அந்தத் தபால் பிறகு பல்லாரி வழியாக நம் சென்னைக்கும் வந்து சேர்ந்தது.

அந்தப் பிளக்குகளின் விலை அற்பம். ஆனால் அபூகிரில் அன்றைய தினம் அவை இல்லாத குறையைப் பணத்தால் நிவர்த்தி செய்திருக்க முடியாது. அதைக் கண்டுகொள்ள இன்னொரு விமானிதான் வேண்டியிருந்தது.

மறுநாள் நண்பர் வந்தார். நான் மூன்று கேள்விகள் கேட்டேன். செப்பனிட எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டாயிற்றா? விமானத்தின் சொந்தக்காரர் தம் பங்காக என்ன போட்டிருக்கிறார்? நிதி மிஞ்சினால் மீதி யாருக்கு? முதல் கேள்விக்கு நண்பர் தொழிற்சாலைக்காரர் கொடுத்த மதிப்புக் காகிதத்தைக் காட்டினார். இரண்டாவதற்கு, சொந்தக்காரர் தம் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டாரென்றார். மூன்றாவது கேள்விக்குத் தலையைச் சொறிந்தார். "மிஞ்சும் என்று நாங்கள் நினைக்கவே இல்லையே!" என்றார். நினைத்து எழுதும்படி சொன்னேன். அங்கேயே, அடுத்தாற்போல் எந்த விமானிக்குச் சேதம் நேர்கிறதோ அவருக்கு என்று முதல் பக்கத்தில் எழுதினார்.

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் சிறு தொகைகள். ஒரு பெயருக்கு எதிரே மட்டும் தொகைக் கட்டத்தில் ரூபாய்க்குப் பதிலாக, 'சுழல்விசிறி - 1' என்று எழுதியிருந்தது. கொடுத்தவர் யார் என்று விசாரித்தேன். அதே அளவு விமானம் வைத்திருப்பவராம். மாற்றாக வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டாராம்.

என் பெயருக்கு எதிரே நான் எழுதிய தொகையை இங்கே வெளியிடுவதற்கில்லை. வீட்டிலும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். ஆனால் ஒன்று சொல்லலாம். நண்பர் போகிற போக்கில் மூலையில் கிடந்த தையல் மிஷினைத் திருப்பிப் பார்த்து, "வார் அறுந்திருக்கிறது, வேறொன்றுமில்லை" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோல் வாருடன் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.