பெட்டிக்குள் யார் வைத்த கடிதம்?

வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு வேண்டிய தொகையை அதில் நிரப்பிக்கொண்ட மிராசுதார்களின் கதை விவசாயத் தொழிலாளர்களுக்குப் புதிதல்ல. வேலைநிறுத்த நாளில் தொழிலாளியின் வீட்டுக் கூரையில் எதையோ செருகி வைத்துவிட்டு, மறுநாள் வந்து அதையே கண்டெடுத்த கதை மில் தொழிலாளர்களுக்கும் புதிதல்ல. அன்று காகிதத்திலும் கூரையிலும் செய்த வேலையை இன்று கம்ப்யூட்டருக்குள் செய்ய முடியும். செய்கிறவன் அந்த ஊரில் இருக்க வேண்டியதில்லை. வாசற்படியை மிதிக்க வேண்டியதும் இல்லை. பீமா கொரேகான் வழக்கு இந்த அபாயத்தை நாட்டின் முன் வைத்திருக்கிறது.

2018 ஜனவரி 1-ந் தேதி மகாராஷ்டிரத்தில் புனேக்கு அருகிலுள்ள பீமா கொரேகானில் கலவரம் நடந்தது. அதற்கு முதல் நாள் புனேயில் நடந்த எல்கார் பரிஷத் கூட்டமே காரணம் என்றும், அதன் பின்னே மாவோயிஸ்டுகளின் சதி இருக்கிறது என்றும் போலீஸ் கூறியது. அந்த ஆண்டு ஜூன் முதல் வக்கீல்கள், பேராசிரியர்கள், கலைஞர்கள், எழுத்தாளர்கள் என்று 16 பேர் ஒருவர்பின் ஒருவராகச் சிறை வைக்கப்பட்டார்கள். சத்தீஸ்கரில் தொழிலாளர் வழக்குகளை நடத்திவந்த சுதா பரத்வாஜ் அவர்களில் ஒருவர். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நில உரிமைக்காகப் பாடுபட்ட பாதிரியார் ஸ்டான் சுவாமி இன்னொருவர். இவர்கள் மீது காட்டப்பட்ட முக்கியமான ஆதாரம் என்ன? கம்ப்யூட்டர்களுக்குள் இருந்த கடிதங்கள்!

குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான ரோனா வில்சனின் கம்ப்யூட்டரை 2018 ஏப்ரல் 17-ந் தேதி டெல்லியில் போலீஸ் கைப்பற்றியது. அதன் ஹார்ட் டிஸ்க்கின் நகலை, அவரது வக்கீல்களின் வேண்டுகோளின்படி, அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற நிறுவனம் பரிசோதித்தது. 2021 பிப்ரவரியில் வெளிவந்த அதன் அறிக்கை கூறுவது இது: 2016 ஜூன் 13-ந் தேதி, தெரிந்த ஒருவரின் பெயரில் வில்சனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதனுடன் இருந்த இணைப்பை அவர் திறந்தார். திறந்த கணமே ‘நெட்வயர்’ என்ற ஒற்றன் புரோகிராம் உள்ளே குடியேறிவிட்டது. 22 மாதங்களுக்குச் சற்று அதிகமான காலம் அந்தக் கம்ப்யூட்டர் வேறொருவன் பிடியில் இருந்தது. அவன் உள்ளே ஒரு மறைவான ஃபோல்டரை உண்டாக்கிக் கடிதங்களை அதில் கொண்டுவந்து வைத்தான்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எதையும் அழித்துவிட்டோம் என்று நாம் நினைத்தாலும், ஹார்ட் டிஸ்க்கில் அதன் சுவடு தங்கிவிடும். எந்தக் கடிதம் எப்போது வந்தது, எந்தப் புரோகிராமில் தயாரானது என்ற விவரம் பதிவாகியிருக்கும். வில்சனின் கம்ப்யூட்டரில் இருந்தது ‘வேர்டு 2007’. ஆனால் சில கடிதங்களோ ‘வேர்டு 2010’ அல்லது ‘2013’-இல் தயாரானவை. தன்னிடம் இல்லாத கருவியால் ஒருவர் எப்படிக் கடிதம் எழுதியிருக்க முடியும்? வழக்கில் முக்கியமாகக் காட்டப்பட்ட பத்துக் கடிதங்களையும் அந்தக் கம்ப்யூட்டரில் யாரும் முறையாகத் திறந்து பார்த்ததற்குக் கூடத் தடயம் இல்லை என்கிறது அறிக்கை.

தேசியப் புலனாய்வு முகமை இதை மறுக்கிறது. சர்க்காரின் ஆய்வுக்கூடம் அப்படிப்பட்ட ஒற்றன் எதையும் காணவில்லை என்று அது வாதிட்டது. வைத்தவன் யார் என்று ஆர்சனலும் பெயர் சொல்லவில்லை. நல்லது, இரு தரப்பையும் கோர்ட்டு விசாரித்து உண்மையைச் சொல்லட்டும். ஆனால் அந்த விசாரணைக்கு முன்பே தண்டனை நடந்துவிடுகிறதே, அதற்கு என்ன பதில்?

இங்கேதான் சட்டமும் கம்ப்யூட்டரும் கை கோத்துக்கொள்கின்றன. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ், குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மைபோல் தோன்றினாலே ஜாமீன் கிடையாது. ஜாமீன் கட்டத்தில் ஆதாரங்களைத் துருவி ஆராயக் கூடாது என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் கூறிவிட்டது. ஆகவே பெட்டிக்குள் ஒரு கடிதம் இருந்தால் போதும். அது எப்படி வந்தது என்று கேட்பதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். ரோனா வில்சனுக்கு ஜாமீன் கிடைத்தது 2025 ஜனவரியில். அதற்குள் ஆறரை ஆண்டுகள் சிறையில் கழிந்துவிட்டன.

ஸ்டான் சுவாமிக்கு அந்த ஜாமீனும் கிடைக்கவில்லை. 2020 அக்டோபரில் ராஞ்சியில் கைதானபோது அவருக்கு வயது 83. நடுக்குவாதத்தால் டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சு குழலுக்காகக் கோர்ட்டுக்குப் போனார். 2021 ஜூலை 5-ந் தேதி, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, மும்பை ஆஸ்பத்திரியில் காவலில் இறந்தார். அவருடைய கம்ப்யூட்டரிலும் நாற்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வெளியிலிருந்து திணிக்கப்பட்டிருந்தன என்று ஆர்சனல் 2022 டிசம்பரில் அறிவித்தது. அப்போது அதைப் படிக்க அவர் இல்லை.

1929-இல் வெள்ளைக்கார சர்க்கார் நாடெங்கும் தொழிற்சங்கத் தலைவர்களைப் பிடித்து மீரத் சதி வழக்கைத் தொடுத்தது. தபாலில் வழிமறித்துப் பிரித்த கடிதங்களே அதில் பெரிய ஆதாரம். அன்று பிறர் எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்தார்கள். இன்று எழுதாத கடிதத்தையே உள்ளே வைத்துவிட முடிகிறது.

“நம்மிடம் ஏது கம்ப்யூட்டர்?” என்று யாரும் இருந்துவிட வேண்டாம். நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போனும் கம்ப்யூட்டர்தான். சங்கக் கூட்டத்துக்கு அழைப்பு அதில் போகிறது. கூலிப் பேச்சுவார்த்தைச் செய்தி அதில் வருகிறது. சங்கச் செயலாளரின் போனுக்குள் ஒருவன் புகுந்தால், சங்கத்தின் கணக்குப் புத்தகமும் உறுப்பினர் பட்டியலும் அவன் கையில்!

புதிய சாட்சியச் சட்டம் 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஆதாரத்துக்குத் தரும் சான்றிதழில் ‘ஹாஷ்’ எண்ணைக் குறிக்க வேண்டும் என்கிறது அது. பஞ்சுப் பேலுக்குச் சீல் வைப்பது போன்றதுதான் இந்த எண். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். இது நல்ல ஏற்பாடே. ஆனால் சீல் வைத்த பிறகு நடக்கும் மோசடியைத்தான் சீல் காட்டிக்கொடுக்கும். சீல் வைக்கும் முன்பே பேலுக்குள் கல்லைப் போட்டிருந்தால்? பேலைப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எனவே நாம் கோருவது இவை: போனையோ கம்ப்யூட்டரையோ கைப்பற்றும் இடத்திலேயே ஹாஷ் எண் எடுத்து உடையவர் கையில் கொடுக்க வேண்டும். முழு நகலையும் தாமதமின்றித் தந்து, அவரது நிபுணர்கள் பரிசோதிக்க அனுமதிக்க வேண்டும். ஆய்வுக்கூடங்கள் போலீஸ் இலாகாவின் பிடியில் இருக்கக் கூடாது. கம்ப்யூட்டருக்குள் கண்ட கடிதத்தை மட்டும் வைத்து, விசாரணையின்றி ஒருவரை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கும் கொடுமை ஒழிய வேண்டும்.

இதற்கிடையே சங்க ஊழியர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. தெரிந்தவர் பெயரில் வந்தாலும், எதிர்பாராத இணைப்பைத் திறக்காதீர்கள். அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள். போன் கேட்கும் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள். சங்கக் கூட்டங்களில் இந்த விஷயத்தைப் பேசுங்கள். மேற்கண்ட கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றிச் சர்க்காருக்கு அனுப்புங்கள்.