பத்து நாளும் ஏழு ஊரும்

கோடை விடுமுறை நெருங்கினால் வீட்டுக்கு வீடு தேசப்படம் விரிகிறது. ஒரு காலத்தில் அந்தப் படத்தின்மீது ஓடும் விரல் குற்றாலத்திலோ கொடைக்கானலிலோ நின்றுவிடும். சற்றுத் துணிச்சல்காரர் விரலானால் காசி வரையில் போகும். இப்போது நடுத்தரக் குடும்பத்தார் விரலும் அரபிக் கடலைத் தாண்டி ஐரோப்பாக் கண்டத்தில் போய் இறங்குகிறது. இதில் நமக்கு மெத்த சந்தோஷமே. கடன் வாங்காமல், வருஷக் கணக்காகச் சேர்த்த பணத்தில், குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு பிற தேசங்களைப் பார்த்து வருவது உத்தமமான செலவு என்பதே நம் அபிப்பிராயம். சங்கடம் எங்கே வருகிறதென்றால், படத்தில் விரல் ஒரு நொடியில் கடக்கும் தூரத்தைக் கால் அவ்வளவு சுலபமாகக் கடப்பதில்லை என்பதில்தான்.

நண்பர் ஒருவர் தாம் போட்டிருந்த பிரயாணத் திட்டத்தைச் சென்ற வாரம் நம்மிடம் காட்டினார். அவரும் அவர் மனைவியும், அறுபத்தெட்டு வயதான தாயாரும், பதினாலு வயதுப் பெண்ணும், ஒன்பது வயதுப் பிள்ளையுமாக ஐந்து பேர். நாட்கள் பத்து. ஊர்களோ லண்டன், பாரிஸ், பிரஸ்ஸெல்ஸ், ஆம்ஸ்டர்டாம், ஜூரிக், வெனிஸ், ரோமாபுரி என்று ஏழு! "இத்தனை ஊர் எதற்கு?" என்று கேட்டோம். "இன்னொரு முறை எங்கே ஸார் போகப் போகிறோம்? எட்டு வருஷச் சேமிப்பு. அம்மாவுக்கோ முழங்கால் வலி. போகிறபோதே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?" என்றார்.

இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. முதல் முறையாகப் புறப்படும் ஒவ்வொரு குடும்பத்தின் நெஞ்சிலும் இருப்பது இதுதான். ஆனால் இதற்கு விடை கூறுமுன் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்து வாசனை நம்மை விட்டுப் போகாது. நேயர்கள் மன்னிக்க வேண்டும்.

பத்து நாளில் போய்ச் சேரும் நாளும் திரும்பும் நாளும் கழிந்தால் மிச்சம் எட்டு. ஏழு ஊருக்கு ஆறு முறை ஜாகை மாற வேண்டும். மூட்டை கட்டி, அறையைக் காலி செய்து, ஸ்டேஷனுக்குப் போய், வண்டியேறி, இறங்கி, புது ஊரில் வழி விசாரித்து, மறுபடி மூட்டையை இறக்குவதற்கு அரை நாளுக்குக் குறையாது. ஆறு அரை நாள் என்றால் மூன்று நாள். ஆக, கையில் நிற்பது ஐந்து நாள். பார்க்க வேண்டியது ஏழு ஊர். ஊருக்கு ஒரு முழுப் பகல்கூடக் கிடையாது! இது ஐரோப்பாவைப் பார்ப்பதாகாது. ஐரோப்பாவின் ரயில் நிலையங்களைப் பார்ப்பதாகும். அதிலும் பாட்டியம்மாள் ஆறு முறை பெட்டியுடன் படியேறி இறங்க வேண்டும்.

ஆகவே முதல் விதி இது: ஊர்களை எண்ணாதீர்கள், இரவுகளை எண்ணுங்கள். ஒரு பெரிய நகரத்துக்கு மூன்று இரவுக்குக் குறைந்தால் அந்த நகரத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது. பத்து நாள் பிரயாணத்தில் ஒன்பது இரவுகள் உண்டு. இரண்டு ஊர் சுகம். மூன்று ஊர் எல்லை.

இதற்கு ஒரு பெரியவரின் பிரயாணத்தையே உதாரணமாகக் காட்டலாம். 1931-ம் வருஷம் வட்டமேஜை மகாநாடு முடிந்ததும் மகாத்மா காந்தி டிசம்பர் 5-ந் தேதி லண்டனை விட்டுக் கிளம்பினார். பாரிஸ் மார்க்கமாக ஸ்விட்ஸர்லாந்து சென்று, பின் ரோமாபுரியை அடைந்து, 14-ந் தேதி பிரிண்டிஸி துறைமுகத்தில் கப்பலேறினார். சரியாகப் பத்து நாள்! அழைத்த ஊர்கள் அநேகம் இருந்திருக்கும். எனினும் 6-ந் தேதி முதல் 11-ந் தேதி வரையில், அதாவது பாதி நாட்களை, ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள வில்நவ் என்ற சிற்றூரிலேயே, அறிஞர் ரொமேன் ரோலாந்தின் அருகில் கழித்தார். லோஸான், ஜெனீவா நகரங்களில் நடந்த கூட்டங்களுக்கு அங்கிருந்தே போய்வந்தார். அவர் சென்றது உல்லாசத்துக்கன்று என்பது வாஸ்தவம். ஆனாலும் மூட்டையை ஓரிடத்தில் வைத்துச் சுற்றுப்புறத்தைப் பார்த்து வரும் முறை குடும்பஸ்தர்களுக்கும் மிகப் பொருத்தமானது.

இரண்டாவது விதி: ஊர்கள் ஒரே ரயில் பாதையில் நூலில் கோத்த மணிபோல் இருக்க வேண்டும். ஒரு முனையில் இறங்கி மறு முனையில் விமானமேற வேண்டும். வந்த வழியே திரும்பலாகாது. ஒரு முனையில் இறங்கவும் வேறு முனையில் ஏறவும் சேர்த்து ஒரே டிக்கட்டாக விமானக் கம்பெனிகள் கொடுக்கின்றன. இம்மாதிரிப் பாதைகள் மூன்றைச் சொல்லலாம். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு வேக ரயிலில் சுமார் மூன்றேகால் மணி, நடுவே பிரஸ்ஸெல்ஸ். பிராக், வியன்னா, புடாபெஸ்ட் என்பது இரண்டாவது பாதை; முதல் தாவல் சுமார் நாலு மணி, அடுத்தது இரண்டே முக்கால் மணிக்குள். ஆனால் இங்கே மூன்று ஊருக்கு மூன்று நாணயம்: பிராகில் கொருனா, வியன்னாவில் யூரோ, புடாபெஸ்டில் போரிண்ட். மூன்றாவது ரோமாபுரி, பிளாரென்ஸ், வெனிஸ். முதலிலிருந்து இரண்டாவதற்கு ஒன்றரை மணி. அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டு மணிக்குச் சற்று அதிகம். நாணயம் ஒன்று, பாஷை ஒன்று, தேசமும் ஒன்று. முதல் பிரயாணத்துக்கு நாம் சிபார்சு செய்வது இதைத்தான்.

ரோமாபுரிக்கு நாலு இரவு, பிளாரென்ஸுக்கு மூன்று, வெனிஸுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஜாகை மாற்றம் இரண்டே. முன் போட்ட கணக்கின்படி ஏழு முழு நாட்கள் மூன்று ஊருக்குக் கிடைக்கின்றன.

இறங்கிய அன்று எதற்கும் டிக்கட்டு வாங்க வேண்டாம். கோடையில் இத்தாலியின் கடிகாரம் நம்முடையதற்கு மூன்றரை மணி பின்தங்கியது. அங்கே மாலை ஏழு மணியாகும்போது நம் உடம்பு இரவு பத்தரை என்று சொல்லும். அன்று ஊற்றுக்கரையில் சற்று உலாவிவிட்டு உறங்கிவிடுவதே உசிதம். ரோமாபுரித் தெருக்களில் ஓயாமல் நல்ல தண்ணீர் சொரியும் சிறு குழாய்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் உண்டு; 1874 முதல் ஏற்பட்ட வழக்கம். ஆளுக்கு ஒரு பாட்டில் இருந்தால் தண்ணீருக்குக் காசு வேண்டாம்.

மறுநாள் கொலோஸியம், அதற்கு நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே இணையத்தின் மூலம் வாங்கிவிட வேண்டும். இன்னொரு நாள் வாத்திகன் பொருட்காட்சிசாலை. மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அது மூடியிருக்கும். மகாத்மா கண்டு நின்ற சிஸ்டைன் ஆலயம் அதற்குள்ளேதான் இருக்கிறது. தோளும் முழங்காலும் தெரியும் உடையுடன் அங்கே போகக் கூடாது. நம் புடவைக்காரர்களுக்கு இதில் கவலையில்லை. பாந்தியன் என்ற கோயிலைக் குழந்தைகளுக்கு அவசியம் காட்டுங்கள். சுமார் 1,900 வருஷங்களுக்கு முன், உள்ளே இரும்புக் கம்பி ஒன்றுகூட வைக்காமல் கட்டிய அதன் விதானத்தின் அகலம் 43 மீட்டருக்கு மேல். தரையிலிருந்து உயரமும் அதே அளவு. உச்சியில் திறந்த வட்டத்தின் வழியே வெயிலும் விழும், மழையும் விழும். தரையில் தண்ணீர் வடியும் துவாரங்களைக் கண்டுபிடிக்கும்படி பிள்ளையை ஏவிவிட்டால் அரை மணி நேரம் அவன் தொந்தரவு இராது!

பிளாரென்ஸில் பிரதான மாதா கோயிலின் கோபுரத்தைப் புரூனெல்லெஸ்கி என்ற சிற்பி 1420 முதல் 1436 வரையில் எழுப்பினார். மேலே போக 463 படிகள். மின்சாரத் தூக்கி கிடையாது. முழங்கால் வலியுள்ளவர் கீழே சதுக்கத்தில் உட்கார்ந்து ஜனங்களை வேடிக்கை பார்க்கலாம். அதுவும் ஊர் பார்ப்பதுதான். மைக்கேல் ஆஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்கடேமியாவும், உபீஸி சித்திரசாலையும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஆகையால் கிழமை பார்த்தே ஊர்ப் பிரவேசத்தை வகுக்க வேண்டும். ஒரு பகல் பைஸா நகருக்கு ரயிலில் ஒரு மணியில் போய், சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டு இரவுக்குத் திரும்பிவிடலாம். எட்டு வயது நிரம்பாத குழந்தைகளை அதன்மேல் ஏற விடுவதில்லை.

வெனிஸில் மோட்டார் கிடையாது; படகே பஸ். 118 தீவுகளையும் நானூறுக்கு மேற்பட்ட பாலங்களையும் கொண்ட ஊர். பாலம் என்றால் படி என்று அர்த்தம்! படகுத்துறைக்குப் பக்கத்திலேயே, நடுவில் பாலமில்லாத ஜாகையாகப் பிடிக்க வேண்டும். பகலில் வந்த கூட்டம் மாலையில் வடிந்த பின்புதான் அந்த ஊர் தன் சுய அழகுடன் விளங்குகிறது. ஆதலால் அங்கே இரவு தங்குவது வீண் செலவன்று.

பெண்ணுக்கு பாரிஸின் மேல்தான் ஆசை என்றால் தாராளமாக முதல் பாதையையே கொள்ளுங்கள். பாரிஸுக்கு ஐந்து இரவு, ஆம்ஸ்டர்டாமுக்கு நாலு. பாரிஸின் லூவர் செவ்வாயன்று மூடியிருக்கும் என்பதையும், ஆம்ஸ்டர்டாமில் ஆன் பிராங்க் என்ற சிறுமி 1942 முதல் 1944 வரையில் மறைந்து வாழ்ந்த வீட்டுக்கு இணையத்தில் மட்டுமே சீட்டு விற்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரத்துக்கு அப்பாலுள்ள சீட்டுகளை வெளியிடுகிறார்கள்.

நிற்க. விசா விஷயத்துக்கு வருவோம். 1985-ம் வருஷம் ஜூன் 14-ந் தேதி லக்ஸெம்பர்க் தேசத்தின் ஷெங்கன் கிராமத்தருகே, மோஸெல் நதியில் ஒரு கப்பலின்மேல் ஐந்து தேசத்தார் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் பலனாக, இன்று 29 தேசங்களுக்கு ஒரே விசா போதும். லண்டன் அதில் சேராது. அதற்குத் தனி மனு, தனிக் கட்டணம். ஏழிலிருந்து ஓர் ஊரைக் குறைக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

எந்தத் தேசத்தில் அதிக நாள் தங்குகிறோமோ அந்தத் தேசத்தாரிடமே மனுச் செய்ய வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் தேசம். ஆறு மாதத்துக்கு முந்தியும் கூடாது, பதினைந்து நாளுக்குப் பிந்தியும் கூடாது. 2024 ஜூனில் ஏற்பட்ட விகிதப்படி, பன்னிரண்டு வயது முதல் ஆளுக்கு 90 யூரோ. ஆறு முதல் பதினொன்று வரை 45. நம் நண்பர் குடும்பத்துக்கு 405 யூரோ ஆகிறது. விசா மறுக்கப்பட்டால் இது திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸும் அவசியம். விசா கைக்கு வருமுன், பணம் திரும்பாத டிக்கட்டையோ அறையையோ வாங்குவது விவேகமன்று.

சாப்பாட்டைப் பற்றி வீட்டுப் பெண்மணிகள் கவலைப்படுவது நியாயமே. இத்தாலியில் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தக்காளியும் கோதுமையும் எங்கும் உண்டு. "ஸென்ஸா கார்னே, ஸென்ஸா பெஷே" என்றால் மாமிசமும் மீனும் இல்லாமல் என்று பொருள். இதை மனப்பாடம் செய்துகொள்க. ஆனால் பார்மிஜானோ என்ற பாலாடைக்கட்டியைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையை இட்டே செய்கிறார்கள் என்பதைக் கண்டிப்பான சைவர்கள் அறிந்திருக்க வேண்டும். சமையலறை உள்ள ஜாகை கிடைத்தால் கடையில் அரிசியும் தயிரும் வாங்கி ஒரு வேளையை நம் வழக்கப்படி நடத்தலாம். பாட்டியம்மாளுக்கும் தெம்பு, பணத்துக்கும் மிச்சம். பருப்புப் பொடி கொண்டுபோகலாம்; நெய்யும் பால்கோவாவும் கூடாது. வெளித் தேசத்துப் பால் பண்டங்களையும் மாமிசப் பண்டங்களையும் பிரயாணிகள் உள்ளே எடுத்துச் செல்ல ஐரோப்பியச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

திட்டம் போடும் பொறுப்பைக் குடும்பத் தலைவர் ஒருவரே சுமக்க வேண்டாம். ஊருக்கு ஒன்றாக, ஆளுக்கு ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பாட்டிக்கும் ஒரு வாக்கு, பிள்ளைக்கும் ஒரு வாக்கு. தான் கேட்ட இடம் வருகிறது என்றிருந்தால் மற்றவர் கேட்ட இடத்தில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு பிற்பகலை வெறுமையாகவே விட்டுவையுங்கள். கால் வலித்தால் இளைப்பாறவும், மழை பெய்தால் ஒதுங்கவும், பிடித்த தெருவில் மறுபடி நடக்கவும் அது உதவும்.

இனி, "இன்னொரு முறை எங்கே போகப் போகிறோம்?" என்ற கேள்விக்கு விடை கூறலாம். போகாமலும் இருக்கலாம். அதற்காகவேதான் குறைவாகப் பார்க்கச் சொல்கிறோம். எட்டு வருஷம் சேர்த்த பணத்தை ஆறு அரை நாட்களாக ஸ்டேஷன் பெஞ்சியில் செலவழிக்கலாகாது. பெரியவர்கள் களைக்காமல், குழந்தைகள் சிணுங்காமல், ஐந்து பேரும் சேர்ந்து நின்று ஒன்றைக் கண்ணாரக் கண்டால் அதுவே குடும்பத்தில் நெடுநாள் பேச்சாக நிற்கும். விட்டுப்போன ஊர்கள் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. பதினாலு வயதுப் பெண் நாளைக்குத் தன் சம்பாத்தியத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து நமக்குச் சொல்லட்டும், கேட்கக் காத்திருப்போம்.