நித்திரை வரேல்லையோ, கம்மி போடுங்கோ!

கனடாவின் ஸ்காபரோவில் யாரிடமாவது "நித்திரை வருகுதில்லை" என்று சொல்லிப் பாருங்கள். முந்தியென்றால் சுடுபாலைக் குடி, உள்ளங்காலுக்கு நல்லெண்ணெய் தேய் என்பார்கள். இப்போது எல்லார் வாயிலும் ஒரே பதில்: "அக்கா, ஒரு கம்மி போடுங்கோ." சொல்லுகிறவர் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி கிடப்பவர். ஊரில் பிள்ளைகள் கஞ்சா என்று உச்சரித்தாலே வாயில் ஒரு அடி போட்டிருப்பார். இங்கே அதே கஞ்சா கம்மி என்ற மெதுமிட்டாயாக, பீச் பழ வாசத்தோடு, சீனி தூவி, பெட்டியில் வருவதால் கஞ்சா என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

கஞ்சா கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் சட்டப்படி விற்கப்படுகிறது. தின்னும் வகைகளுக்கு அடுத்த ஆண்டு அனுமதி வந்தது. ஒன்ராறியோவில் 19 வயதானவர் வாங்கலாம். வாங்கட்டும், அது அவர்கள் பாடு. ஆனால் விற்கலாம் என்று சொன்ன சட்டம், நித்திரைக்கு மருந்து என்று எங்கே சொன்னது? நித்திரையின்மைக்கென்று எந்தக் கஞ்சாப் பொருளையும் ஹெல்த் கனடா மருந்தாக ஏற்கவில்லை. நோய் தீரும் என்று விளம்பரம் செய்யவும் கூடாது. அதனால் என்ன? பொருளின் பெயரிலேயே இரவும் கனவும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மிச்ச விளம்பரத்தை எங்கள் ஆட்கள் வாட்ஸப்பில் சம்பளமில்லாமல் செய்துவிடுகிறார்கள்.

"எனக்கு வேலை செய்யுதே!" என்பார்கள். செய்யும், தொடக்கத்தில். கஞ்சாவில் உள்ள ரி.எச்.சி. கண் அயர எடுக்கும் நேரத்தைக் குறைக்கக்கூடியது. தொடர்ந்து எடுத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். பிறகு அதே அளவு காணாது; பாதி போட்டவர் முழுசாகப் போடுவார், முழுசு இரண்டாகும். ஒரு நாள் பயந்துபோய் நிறுத்துவார். நிறுத்தியதும் நித்திரை அடியோடு போகும், அடக்கிவைத்த கனவெல்லாம் சேர்ந்து வந்து உலுப்பும். பழக்கத்தை விடும்போது வரும் அவதி இது. நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் இருக்கும். எங்கள் ஆள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்? "பாத்தீங்களோ அக்கா, கம்மி இல்லாமல் எனக்கு ஒரு பொட்டு நித்திரை இல்லை!" மருந்துக்கு அதுவே அத்தாட்சியாகிவிடுகிறது. இவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. நான்தான் இரவு நித்திரை கொள்ளவில்லையே.

இன்னொரு கூத்து, அவசரம். புகைத்தால் நிமிடங்களில் ஏறும். தின்றால் வயிறு, ஈரல் என்று சுற்றிவர அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். பத்து மணிக்கு ஒன்றைப் போட்டுவிட்டுப் பத்தரைக்கு "ஒண்டும் செய்யேல்லை" என்று இன்னொன்றைப் போட்டவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! இரண்டும் சேர்ந்து நள்ளிரவில் பிடிக்கும். நெஞ்சு படபடக்கும், சுவர் சுற்றும். தின்னும் கஞ்சாவில் ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம் ரி.எச்.சி.க்கு மேல் இருக்கக்கூடாது என்று கனடா எல்லை வைத்ததும், புதியவர்கள் 2.5 மில்லிகிராமுக்கு மேல் போகவேண்டாம் என்று சொல்வதும் சும்மா இல்லை. அந்த மயக்கம் 12 மணி நேரம் வரை நிற்கலாம். மந்தம் மறுநாளும் இழுபடலாம். விடிய ஐந்து மணிக்கு லொறி எடுக்கிற தம்பிமாருக்கு இதை யார் சொல்வது? ஒன்ராறியோவில் லொறி, பஸ் ஓட்டுகிறவர்களுக்குக் கஞ்சா விசயத்தில் துளியும் சலுகை இல்லை. "ராத்திரி நித்திரைக்குத்தான் போட்டனான்" என்ற கதையைப் பொலிஸ் கேட்காது.

குறட்டைக்காரர் கதை வேறு. இரவெல்லாம் மூச்சு அடைபட்டு அடைபட்டு எழும்பி, பகலில் கதிரையில் தூங்கி வழிவார், அவருக்கும் கம்மிதான். மூச்சுத்தடை நோய்க்குக் கஞ்சாவைப் பயன்படுத்தவேண்டாம் என்று அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2018இலேயே அறிக்கை விட்டாயிற்று. முதலில் சோதனைக்கு அனுப்பவேண்டிய மனிசனை மாமியார் கஞ்சாக் கடைக்கு அனுப்புகிறார்.

ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் எனக்கு எள்ளல் வராது. கண்ணை மூடினால் போர்க்காலச் செல்லடியும் முள்ளிவாய்க்காலும் வருகிற ஆட்கள். கனவில்லாத இரவு வேண்டித்தான் அவர்கள் அதைத் தேடுகிறார்கள். ரி.எச்.சி. கனவு காணும் நித்திரையைக் குறைப்பதால் அவர்களில் சிலருக்கு ஆறுதல் கிடைப்பது உண்மை. அந்த மனக்காயத்துக்குத் பக்கத்தில் இருந்து தமிழில் கதைக்க ஒரு ஆளைத் தேடிக் கொடுக்காமல், கடை வாசலைக் காட்டிவிட்டுப் போகிறோமே, அதுதான் பொறுக்க முடியவில்லை.

நித்திரையின்மைக்கு முதல் சிகிச்சை இருக்கிறது. பழக்கத்தையும் நினைப்பையும் படிப்படியாகத் திருத்தும் பேச்சுச் சிகிச்சை. குளிசைக்கு முன் அதைத்தான் கொடுக்கவேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் சொன்னது. போய்த் தேடுங்கள் பார்ப்போம். தனியாக நடத்தும் உளவியலாளருக்கு ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி பணம் கட்டாது. தமிழில் செய்பவரைத் தேடினால் அதற்குமேல் கஷ்டம். சில குடும்ப வைத்தியர்களிடம் ஒரு தடவைக்கு ஒரு வருத்தம்தான் கதைக்கலாம். முழங்காலைச் சொன்னால் நித்திரைக்கு வேறு நாள். கஞ்சாக் கடையோ காலை ஒன்பதிலிருந்து இரவு பதினொன்று வரை திறந்திருக்கலாம்.

நித்திரை ஏன் வருகுதில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. இரண்டு வேலை, ஒரு கிழமை பகல், மறுகிழமை இரவு. ஒன்பது மணிக்குச் சாயத்தேத்தண்ணி. மாதவிடாய் நிற்கிற வயதில் நடுச்சாமத்தில் உடம்பெல்லாம் எரியும் சூடு. ஊரில் விடிகிறபோது இங்கே இரவு. காணிப் பிரச்சினை, கலியாணப் பேச்சு எல்லாம் நாங்கள் படுக்கிற நேரத்தில்தான் போனில் வரும். இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, மேலே ஒரு கம்மி.

ஆகவே அன்பான சனங்களே, யாராவது நித்திரை இல்லை என்றால் குறட்டை விடுகிறாரா, என்ன நேர வேலை, வேறு என்ன குளிசை எடுக்கிறார் என்று முதலில் கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறவருக்கு, வைத்தியரைக் கேட்காமல் கஞ்சாப் பொருள் எதையும் நீட்டாதீர்கள். ஊருக்குப் போகிறபோது அந்தப் பெட்டியைப் பயணப் பையில் வைக்காதீர்கள். கனடாவை விட்டு வெளியே கொண்டுபோவது குற்றம், இலங்கையில் இறங்கினால் அங்கேயும் குற்றம். எனக்கென்று வாங்கி வைத்திருக்கிற கம்மியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரவு பத்து மணிக்குப் பிறகு எனக்குப் போன் எடுக்காதீர்கள்.