தொட்டிகள் உள்ள குன்று

மணிமேகலையைப் பாடம் நடத்தும் ஆசிரியர்க்கு ஒரு குறை உண்டு. அக்காப்பியம் பேசும் பௌத்தப் பள்ளி ஒன்றையேனும் மாணவர்க்கு நேரில் காட்ட அருகில் வழியில்லை. நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற செங்கற் கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டது. ஆவடியிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் வந்து பயிலும் நம் மாணவர்க்கு விகாரம் என்பது உரைநூலில் மட்டும் வாழும் சொல்.

இக்குறை தீர, மாணவர் சிலருடன் விசாகப்பட்டினத்தை அடுத்த தொட்லகொண்டாவுக்குச் சென்றுவந்தோம். புறப்படுமுன் சமுதாயப் பெரியவர் ஒருவர், "நம் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை, பேராசிரியரே?" என வினவினார். பகைமையால் கேட்டாரல்லர், ஆயினும் அவ்வினா வழியெங்கும் உடன்வந்தது.

கடலை நோக்கிய அக்குன்றின் உச்சியில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன் துறவியர் வாழ்ந்தனர். 1976இல் கடற்படையினர் வானிலிருந்து அளவாய்வு செய்தபோது அவ்விடம் வெளிப்பட்டது. 1988 முதல் 1993 வரை அகழ்ந்தனர். உரோமானிய வெள்ளிக்காசுகளும் கிடைத்தன. மழைநீர் தேக்கப் பாறையில் குடைந்த தொட்டிகளே குன்றுக்குப் பெயர் தந்தன. தெலுங்கிலும் அது தொட்டிதான் என்றறிந்த மாணவர் முகம் மலர்ந்ததைக் கண்டோம். ஒப்பிலக்கண வகுப்பில் அம்மலர்ச்சியை நாம் கண்டதில்லை!

தூபத்தையும் துறவியர் அறைகளையும் விட, சமையற்கூடமும் உணவுக்கூடமுமே அவர்களை நெடுநேரம் நிறுத்தின. "நோன்புக் கஞ்சிக்கு நாம் பாத்திரத்தோடு நிற்பதுபோல இவர்களும் நின்றிருப்பார்கள், ஐயா" என்றான் ஒருவன். பசிப்பிணி தீர்த்த அமுதசுரபியை நாம் ஒரு பருவம் முழுதும் விளக்கியும் உணர்த்த முடியாதது அது.

பெரியவர்க்கு நம் விடை இதுதான். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் பிற சமயத்து ஆசிரியர் பலர் கற்பிக்கின்றனர். நுபுவ்வத்துக் காண்டம் என்பதன் பொருளை நம்மிடம் கேட்டறிந்து சென்ற நண்பர்களும் உண்டு. அவர்கள் நம் இலக்கியத்துக்குக் காட்டும் அக்கறையை நாம் மணிமேகலைக்குக் காட்டுவது கடனன்றோ? பாமியானில் புத்தர் பெருஞ்சிலைகள் 2001இல் தகர்க்கப்பட்டதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பாகிஸ்தானின் தக்த்-இ-பாகி மலைப்பள்ளி 1980இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டதையும் சேர்த்தே சொல்வோம்.

தொட்லகொண்டாவின் பெருந்தூபத்தில் ஒரு பகுதி 2019 அக்டோபர் மழையில் சரிந்தது. கல்லும் காத்திருப்பதில்லை. ஆகவே, வரும் ஆண்டு மணிமேகலைத் தாள் தொடங்குமுன் இப்பயணத்தைத் துறையின் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்குமாறு நிருவாகத்தாரை வேண்டியுள்ளோம். வினவிய பெரியவரையும் உடன் வருமாறு அழைத்திருக்கிறோம்.