முதியோரும் ஊர்தித் துணைக்கருவியும்

ஐம்பது ஆண்டு கார் ஓட்டிப் பழகிய முதியவரிடம், "இனி இக்கருவி உமக்குத் துணை செய்யும்" எனின், அவர் உள்ளம் வருந்துவது இயல்பே. தம் திறமையைப் பிறர் ஐயுற்றனர் என அவர் எண்ணுவார்.

ஆயினும், முதுமையில் கண்ணும் காலும் தளரும் என்பது உண்மை. முதியோர் மிகுந்த ஜப்பான் நாட்டில், 2019-ஆம் ஆண்டு, தோக்கியோ நகரில் 87 வயதினர் ஒருவர் பிரேக்கு என எண்ணி விரைவு கூட்டும் மிதியை அழுத்தினார். மிதிவண்டியில் சாலையைக் கடந்த தாயும் சிறுமகளும் மாண்டனர். 2022-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அந்நாட்டில், தடை எதிர்ப்படின் தானே பிரேக்கிடும் கருவி போன்றவை அமைந்த கார்களை மட்டும் ஓட்டுதற்குரிய உரிமம் ஒன்று வழங்கப்படுகிறது. கார் ஓட்டுதலை அறவே துறக்க இயலாத முதியோர்க்கு இது நல்லதொரு நடுவழி. ஆனால் விரும்பிக் கேட்போரே இதனைப் பெறுவர்.

கண் மங்கினால் மூக்குக்கண்ணாடி அணிகிறோம். அதனை எவரும் இழிவென்னார். கால் தவறும்போது காக்கும் கருவி மட்டும் இழிவாவது எங்ஙனம்?

எனினும், கருவி ஒலிப்பதன் காரணம் அறியாதவர் எரிச்சலுற்று அதனை அணைத்தே வைப்பர். மழையிலும் மூடுபனியிலும் அதுவும் தவறக்கூடும். ஆதலின், அதன் ஆற்றலையும் எல்லையையும் பொறுமையுடன் கற்பித்தல் விற்போர் கடன். கற்றல் முதியோர் கடன்.

பிறர் உயிர்பொருட்டுத் தம் செருக்கைச் சிறிது தாழ்த்துவோரே மூத்தோர் என்னும் பெயருக்கு முற்றும் உரியவர்.