தழும்பும் புண்ணும்

திருவொற்றியூரில் குடியிருப்பவர்களுக்கு ஸமுத்திரக் காற்று இலவசம். ஆனால் ஸமுத்திரராஜன் அதற்கு ஈடாக நம்முடைய ஜன்னல் கம்பி, வாசல் கேட்டு, தையல் மெஷின் ஆகிய எல்லாவற்றிடமும் சிறுகச் சிறுக வரி வசூலித்து விடுகிறான். சென்ற மாதம் நம் தம்பி பிள்ளையின் மோட்டார் ஸைக்கிளும் அந்த வரிக்குத் தப்பவில்லை என்று தெரிய வந்தது.

பிள்ளையாண்டானுக்கு எண்ணூரில் உத்தியோகம். தினந்தோறும் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய் வருகிறான். ஒரு பக்கம், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகளில் அலை மோதி உப்பு நீரைத் தெளிக்கிறது. மறு பக்கம், லாரிச் சக்கரங்கள் பொடிக் கற்களை வாரி இறைக்கின்றன. இரண்டையும் முதலில் ஏற்பது, முன்சக்கரத்தை இரு கைகளால் பிடித்துக் கொண்டிருக்கும் முன் போர்க்தான்.

போர்க்கின் கீழ்ப் பகுதியில் வர்ணம் உதிர்ந்து அம்மைத் தழும்பு போலாகி விட்டதென்று அவனுக்கு மகா வருத்தம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டுத் தேய்த்து, வர்ணம் பூசி, "பெரியப்பா, புதுசு மாதிரி இருக்கிறதா?" என்று கேட்டான். நாம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு பார்த்து, நூற்றுக்கு நூறு போட்டோம். மேலே பளபளக்கும் குழாயில் கடுகளவு இரண்டு துருப்புள்ளிகளும், அவற்றுக்குக் கீழே மெல்லிய எண்ணெய் வளையமும் இருந்தன. அவற்றையும் பார்த்தோம், பொருட்படுத்தவில்லை.

நான்காம் நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்ட சமயம், ஒரு சிறுமி சாலையின் குறுக்கே ஓடினாள். முன் பிரேக்கு வழுக்கியது. குழந்தைக்கு ஒரு முழ தூரத்தில் வண்டி நின்றது, தெய்வாதீனம். குழாயிலிருந்து வழிந்த எண்ணெய் பிரேக்குத் தட்டில் இறங்கியிருந்தது. அன்றிரவு அவனும் சாப்பிடவில்லை, நாமும் சாப்பிடவில்லை.

மறு நாள் காலடிப்பேட்டையில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அவர் நமக்குப் பாடம் நடத்தினார். போர்க் என்பது குழாய்க்குள் குழாய். உள்ளே வில்லும் எண்ணெயும் இருக்கின்றன. எண்ணெயால் அதிர்ச்சியை அடக்கும் இவ்வகைப் போர்க்கை 1935-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் குரோமியம் பூசிய குழாய் கீழ்ப் பகுதிக்குள் புகுந்து வெளிவருகிறது. வாயிலில் இருக்கும் ரப்பர் சீல் எண்ணெயை உள்ளேயே நிறுத்துகிறது. குழாயில் சிறு பள்ளம் விழுந்து அதன் விளிம்பு கூராக நின்றால், அது அரம் போல் சீலை அறுக்கும். குரோமியப் பூச்சு மயிரிழையைவிட மெல்லியது. அதிலுள்ள நுண்ணிய வெடிப்புகள் வழியே உப்பு உட்புகுந்து அடியிலுள்ள எஃகைத் தின்று விடுகிறது.

ஆகவே நேயர்கள் தழும்பு எது, புண் எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். கீழ்ப் பகுதியின் வெளியே உள்ள கீறல் வெறும் தழும்பு. சோப்பு நீரில் கழுவி, வாட்டர் பேப்பரால் ஓரங்களைத் தேய்த்துச் சமன் செய்து, அலுமினியத்துக்கான பிரைமரை அடித்துக் காய்ந்த பின் வர்ணத்தை மெல்லிய பூச்சுகளாகப் பூசலாம். குழாயிலும் சீலிலும் வர்ணம் படாமல் காகிதம் சுற்றிக் கொள்வது அவசியம்.

குழாயைப் பொறுத்தவரை நகமே பரீட்சகர். நகம் தட்டினால் அங்கே பள்ளம் உண்டு. குழாயில் மெல்லிய பிளாஸ்டிக் கட்டு ஒன்றைப் போட்டு ஒரு நாள் ஓட்டினால், சீல் அதை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளுகிறது என்பது தெரியும். அந்த எல்லைக்கு வெகு மேலே உள்ள கீறலால் அழகுக்கு மட்டுமே குறைவு. எல்லைக்குள் இருந்தால் அது புண்.

மேலோட்டமான துருவை, தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளால் மெதுவாகத் தேய்த்துப் போக்கலாம். ஓரிரு பள்ளங்களானால், கூர் விளிம்பை மட்டும் நயமான எண்ணெய்க் கல்லால் தட்டையாக்கி, பள்ளத்தை எபாக்ஸிப் பசையால் நிரப்பி, இறுகிய பின் மிக நயமான தாளால் சமன் செய்ய வேண்டும். பிறகு சீலையும் எண்ணெயையும் மாற்ற வேண்டும். எண்ணெய் குடித்த பிரேக்குக் கட்டைகளைத் துடைத்துத் திரும்பப் போடுவது பேதைமை. அவையும் புதியவையாக இருக்கட்டும். பூச்சு உரிந்து போனால் மறுபடி குரோமியம் போட்டுச் சாணை பிடிக்க வேண்டும். இல்லாவிடில் குழாயையே மாற்ற வேண்டும். வளைந்த குழாய்க்கும் வெடித்த குழாய்க்கும் ஒப்பனை வைத்தியமே கிடையாது.

வராமல் காப்பது இன்னும் சுலபம். வாரத்துக்கொரு தரம் நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் துடைத்தால் போதும். ரப்பர் உறை போட்டிருப்பவர்கள் அதை அடிக்கடி தூக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே தங்கிய உப்பீரம் யார் கண்ணிலும் படாமல் வேலை செய்யும்.

நம் ஊருக்கு இந்த வித்தை புதிதன்று. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் முதலில் சீமைப் பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையே இங்கு செய்யக் கற்றுக் கொண்டார்கள். சீமைக் கம்பெனி 1970-ல் மூடப்பட்டது. புல்லட் நம் நாட்டில் ஓடிக் கொண்டே இருந்தது. ஒரு பொருளைச் செய்யக் கற்ற ஊர், அதைப் பேணவும் கற்க வேண்டாமா?

இப்போது நம் பிள்ளையின் வண்டியில் வர்ணம் மறுபடியும் உதிர்ந்திருக்கிறது. அவன் கவலைப்படவில்லை. காலையில் குழாயைத் துடைத்து, நகத்தால் தடவிப் பார்த்த பிறகே கிளம்புகிறான். நாமும் ஒரு திருத்தம் செய்து கொண்டோம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று மார்க்குப் போடுமுன், கணக்கு சரிதானா என்று பார்த்து விடுகிறோம்.